தடுப்பூசியா, நோய்க்கிருமியா?



வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றதும், "பிள்ளைகளுக்கும் ஒட்டியிருக்குமா ஐயா?" என்பதே வீட்டாரின் அடுத்த கேள்வி. லைன் வீட்டின் ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கும் கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் இது வீண் பயமல்ல.

நெடுங்காலமாக இதற்கு மேண்டூ பரிசோதனை இருந்துவருகிறது. முன்கைத் தோலில் டியூபர்குலினை ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். டியூபர்குலினில் காசநோய்க் கிருமியின் புரதங்கள் பல கலந்துள்ளன. அவற்றில் அநேகம் பி.சி.ஜி. கிருமியிலும் உண்டு. நம் குழந்தைகளுக்கோ பிறந்தவுடனே பி.சி.ஜி. போடுகிறோம். கை தடித்தால் அது ஊசியாலா, நோயாலா?

கிருமியின் மரபுச் செய்தி நான்கே எழுத்துக்களால் ஆனது. காசநோய்க் கிருமியின் சுமார் 44 லட்சம் எழுத்துக்களும் 1998-ல் வெளியாயின. ஏறத்தாழ 4,000 மரபணுக்கள்; பெரும்பாலானவை ஒவ்வொரு புரதத்துக்கான குறிப்பு. இவ்வளவையும் வேறு கிருமிகளோடு ஒப்பிடக் கம்ப்யூட்டர் வேண்டும். வேதாகமத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, விடுபட்ட வரியைக் கண்டுபிடிப்பார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே வேலைதான்.

விடுபட்ட வரி பி.சி.ஜி.யில் இருந்தது. பிரான்சில் கால்மெட், கெரென் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 தடவை மறுபடி மறுபடி வளர்த்து, வீரியம் குறைத்தே பி.சி.ஜி.யை உண்டாக்கினார்கள். அதற்குள் ஒரு துண்டு உதிர்ந்துபோயிற்று. 1996-ல் ஆய்வுக்கூடத்தில் அது தெரியவந்தது. முழு எழுத்தும் கையில் வந்தபின், ஆராய்ந்த பி.சி.ஜி. வகைகள் எதிலும் அத்துண்டு இல்லை என்று 1999-ல் உறுதியாயிற்று. ஈசாட்-6, சி.எஃப்.பி-10 என்ற இரு புரதங்களின் குறிப்பு அத்துண்டில்தான் உள்ளது. மண்ணிலும் நீரிலும் வாழும் இனக்கிருமிகள் பலவற்றிலும் இவை இல்லை. ஆகவே இவ்விரண்டை மட்டும் தோலில் ஏற்றினால், பி.சி.ஜி. போட்ட கை அதனால் தடிக்காது.

புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் 'சை-டிபி' இந்த வகைப் பரிசோதனை. 2022-ல் இந்தியாவில் அனுமதி பெற்றது.

புரதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமல்ல. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடிக் காசநோய் என்று சொன்ன பரிசோதனைகள் பல ஆண்டுகள் இங்கே விற்பனையில் இருந்தன. நோயில்லாதவரை நோயாளி என்றும், நோயாளியை நலமானவர் என்றும் அவை சொல்லிவந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் அவற்றை வேண்டாமென்றது. 2012-ல் இந்தியா தடைசெய்தது. அதற்குள் செலவழிந்த பணம் பெரும்பாலும் இல்லாதவர்களுடையது.

புதிய தோல் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கிருமி உள்ளே புகுந்திருப்பதை அது காட்டும். உறங்குகிறதா, நோயாக எழும்பிவிட்டதா என்று சொல்லாது. அதற்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். நோயாக எழும்பவில்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுக்கலாம். இரண்டு வாரம் இருமுகிறவர் தோல் பரிசோதனைக்குக் காத்திராமல் நேரே சளியைக் கொடுப்பது நல்லது.