பூமிக்குள் 295 கிலோமீட்டர்... பேய்த்துகளைத் துரத்தும் ஜப்பான்!

2001 நவம்பர் 12. ஜப்பானின் கமியோகாவில் ஒரு மலைக்குக் கீழே, 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ராட்சதத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பழுதான சில குழல்களை மாற்றிவிட்டு, மறுபடியும் ஆராய்ச்சியைத் தொடங்கும் வேலை அது. திடீரென்று அடியில் இருந்த ஒரு கண்ணாடிக் குழல் நொறுங்கியது. அதன் அதிர்ச்சி அலை பக்கத்துக் குழலை நொறுக்க, அது அடுத்ததை நொறுக்க... சில நொடிகளில் 6,600-க்கும் மேற்பட்ட குழல்கள் தூள் தூள்!

அந்தத் தொட்டியின் பெயர் சூப்பர்-கமியோகாண்டே. உயரம் 41 மீட்டர், கொள்ளளவு 50,000 டன் தூய நீர். உட்சுவர் முழுக்க அரை மீட்டர் அகலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட ஒளி உணரும் குழல்கள். இத்தனையும் எதற்காக? நியூட்ரினோ என்ற துகளுக்காக.

நம் நகத்தின் வழியே...

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது. எடையும் மிக மிக சொற்பம். எதிலும் மோதாமல் நழுவிவிடுவதால் 'பேய்த்துகள்' என்ற செல்லப்பெயரும் உண்டு. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகத்தின் வழியாகச் சுமார் 6,500 கோடி கடந்துபோகின்றன. பகலில் மேலிருந்து வருகின்றன. இரவில் பூமியையே துளைத்துக்கொண்டு கீழிருந்து வருகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

நியூட்ரினோவில் எலெக்ட்ரான், மியூவான், டௌ என்று மூன்று வகை. ஒரே கூத்துக்காரர் போகும் வழியிலேயே வேஷத்தை மாற்றிக்கொள்வதைப்போல, பயணத்தின் நடுவே ஒரு வகை இன்னொரு வகையாக மாறுகிறது. காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை வைத்து 1998-ல் இதற்கான சான்றை சூப்பர்-கமியோகாண்டே வெளியிட்டது. அதற்காக டகாகி காஜிடாவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. கனடாவில் சூரிய நியூட்ரினோக்களை ஆராய்ந்த ஆர்தர் மெக்டொனால்டு அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் துறையில் இந்தியாவும் ஜப்பானும் பழைய கூட்டாளிகள். காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று, நம் கோலார் தங்கச் சுரங்கம். 1965-ல் நடந்த அந்த ஆய்வில் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தோடு ஒசாகா விஞ்ஞானிகளும் இருந்தார்கள்.

சுரங்கமே இல்லாத பாதை

வானிலிருந்து தானாக வரும் நியூட்ரினோ எங்கே கிளம்பியது, எவ்வளவு வேகத் துடிப்போடு கிளம்பியது என்று சரியாகத் தெரியாது. நாமே தயாரித்து, நாமே அனுப்பி, நாமே பிடித்தால் கணக்கு துல்லியமாக இருக்கும் அல்லவா? 1999-ல் சுகுபா நகரிலிருந்து 250 கிலோமீட்டர் தாண்டி கமியோகாவுக்கு அப்படித்தான் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதுதான் குழல்கள் வெடித்தன.

பல வருட உழைப்பு கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தது. தலைமை விஞ்ஞானி யோஜி டோட்சுகா துவண்டுவிடவில்லை. 'திரும்பக் கட்டுவோம்' என்று உடனே அறிவித்தார். தப்பிய குழல்களைத் தொட்டி முழுக்கப் பரவலாகப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக் கவசம் போட்டார்கள். ஒன்று உடைந்தாலும் பக்கத்துக் குழலுக்குச் சேதம் வராது. 2002 இறுதியில் தொட்டி மீண்டும் நிரம்பியது. 2006-ல் பழைய எண்ணிக்கையையும் எட்டினார்கள். டோட்சுகா 2008-ல் புற்றுநோயால் காலமானார்.

அடுத்து வந்தது டி2கே. கிழக்குக் கடற்கரையில் உள்ள டோகாயிலிருந்து கமியோகாவுக்கு 295 கிலோமீட்டர். டோகாயில் புரோட்டான்களை முடுக்கி, கிராஃபைட் கட்டையில் மோதவிடுகிறார்கள். சிதறும் பயான் துகள்களைக் காந்தப்புலத்தால் ஒரே திசையில் குவிக்கிறார்கள். அவை சிதையும்போது மியூவான் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. மற்றத் துகள்களைத் தடுப்பும் மண்ணும் நிறுத்திவிட, நியூட்ரினோ மட்டும் பாறைக்குள் நேராகப் போகிறது. நடுவில் குழாயோ சுரங்கமோ எதுவும் தேவையில்லை. பயண நேரம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

கோடானுகோடி நியூட்ரினோக்களில் எப்போதாவது ஒன்று தொட்டி நீரில் மோதும். அப்போது மெல்லிய நீல ஒளி, வளையமாகச் சுவரில் விழும். விளிம்பு கூர்மையாக இருந்தால் வந்தது மியூவான் வகை. கலைந்து தெரிந்தால் எலெக்ட்ரான் வகை.

பூகம்பத்துக்கு முன் கிடைத்த ஆறு

2010-ல் தொடங்கிய பதிவு, 2011 மார்ச் 11 அன்று நின்றுபோனது. ஜப்பானைப் புரட்டிப்போட்ட அந்தப் பூகம்பம் டோகாய் முடுக்கி வளாகத்தையும் சேதப்படுத்தியது. கையில் இருந்தது அதுவரை பதிவான 88 நியூட்ரினோ மோதல்கள் மட்டுமே. அவற்றில் ஆறு, எலெக்ட்ரான் வகை. மாற்றம் நடக்காவிட்டால் ஒன்றிரண்டுக்கு மேல் வந்திருக்க முடியாது. ஜூனில் இதை அறிவித்தபோது இயற்பியல் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதே டிசம்பரில் முடுக்கி மீண்டும் இயங்கியது. 2013-ல் எண்ணிக்கை 28 ஆனது. மியூவான் வகை எலெக்ட்ரான் வகையாக மாறுவது சந்தேகமின்றி உறுதியானது.

நாம் ஏன் இருக்கிறோம்?

பிரபஞ்சம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் உருவாகியிருக்க வேண்டும் என்கிறது இயற்பியல். இரண்டும் சந்தித்தால் அழிந்துவிடும். அப்படியானால் விண்மீனும் இல்லை, மண்ணும் இல்லை, நாமும் இல்லை. ஆனால், பொருள் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. ஏன்?

நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் வேஷம் மாறுவதில் வித்தியாசம் இருந்தால், விடைக்கான நூல்முனை அங்கே கிடைக்கலாம். வித்தியாசம் இருப்பதற்கான வலுவான அறிகுறியை 2020-ல் டி2கே வெளியிட்டது. ஆனால், முடிந்த முடிவு என்று சொல்ல அது போதாது. இன்னும் நிறைய மோதல்களைப் பார்த்தாக வேண்டும்.

அதனால்தான் கமியோகா பகுதியில் சுமார் 2,60,000 டன் தண்ணீர் பிடிக்கும் ஹைப்பர்-கமியோகாண்டே திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்கா தன் பங்குக்கு சிகாகோ அருகிலிருந்து தெற்கு டகோட்டாவுக்கு 1,300 கிலோமீட்டர் நியூட்ரினோ அனுப்பும் திட்டத்தில் இறங்கியிருக்கிறது.

ஒரே நாளில் 6,600 குழல்களை இழந்தவர்கள், இப்போது அதைவிடப் பெரிய தொட்டியில் ஆயிரக்கணக்கான குழல்களைப் பொருத்தப்போகிறார்கள். இந்த முறை எல்லாவற்றுக்கும் கவசம் உண்டு!