கேமராவுக்குள் ஒரகடத்துத் தூசி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போகின்றன. சாலையோரக் கடைகளின் தார்ப்பாயில் படியும் சாம்பல் நிறப் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்கும். கருங்கல்லை உடைத்ததில் வந்த பொடி அது. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7-இல் நிற்கிறது. சாதாரணக் கண்ணாடியோ ஐந்தரைக்குப் பக்கம். அதாவது, இந்தப் பொடி கண்ணாடியைக் கீறும். கேமராவைத் தானே திறந்து சுத்தம் செய்யலாமா, சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா என்று யோசிக்கும் எவரும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

அதே வட்டாரத்தில் ஆலை மதிலுக்கு அந்தப்பக்கம் நிலைமை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாயும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இல் தொடங்கிய ஆலையும் கார் செய்கின்றன. கார் ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் ஒரு நூல் துணுக்கு வண்டியின் மேல் விழுந்தாலும் பூச்சில் பரு கிளம்பிவிடும் என்பதால், நூல் உதிராத உடுப்பும் காற்று வீசும் அறையும் கடந்துதான் உள்ளே போக முடியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலை, சுங்குவார்சத்திரத்தில் 2019 முதல் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் என்று செல்போன் வேலை பார்த்த, பார்க்கிற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தூசியின் கொடுமையை இந்த வட்டாரத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தூய அறைகளுக்கான ஐ.எஸ்.ஓ. தரத்தில் 5-ஆம் வகுப்பு என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக்கூடாது. அந்தத் தரவரிசையின் கடைசிப் படியான 9-ஆம் வகுப்பிலேயே மூன்றரைக் கோடித் துகள்கள் வரை இருக்கலாம். நாம் லென்ஸ் மாற்றுவது அதைவிட மோசமான காற்றில்.

செல்போனின் கேமராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. லென்சையும் சென்சாரையும் தூய அறையில் ஒன்றாக ஒட்டி, மூடிய சிறு பெட்டியாகவே அதைச் செய்துவிடுகிறார்கள். உள்ளே தூசி போனால் பெட்டியோடு மாற்றுவதுதான் வழி. லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா அப்படியல்ல. ஒவ்வொரு முறை லென்சைக் கழற்றும்போதும் அதன் வாய் திறக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் ஹோமப் புகைக்கு நடுவிலேயே லென்ஸ் மாற்ற வேண்டியிருக்கிறது. ஷிப்ட் முடித்த கையோடு செம்பரம்பாக்கத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் பறவை எடுக்கப் போகிற இளைஞர்களும் அதையே ஏரிக்கரைக் காற்றில் செய்கிறார்கள்.

பிலிம் காலத்தில் இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. ஒரு படத்தில் விழுந்த தூசி, பிலிமைச் சுற்றியதும் அந்தச் சட்டகத்தோடு நகர்ந்துவிடும். டிஜிட்டலில் எல்லாப் படத்துக்கும் ஒரே பரப்புதான். அதில் ஒட்டிய துகள், எடுக்கிற படம் எல்லாவற்றிலும் அதே இடத்தில் கறுப்புப் பொட்டாக வந்து நிற்கும். சென்சார் இயங்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூசியை இழுக்கவும் செய்யும். கேமராவை அணைத்த பிறகு, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு லென்ஸ் மாற்றச் சொல்வது இதனால்தான்.

நாம் சென்சாரைத் துடைக்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, சென்சாரைத் தொடுவதே இல்லை. ஒளியை உணரும் சிலிக்கானுக்கு மேலே அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி, பல கேமராக்களில் கோடுகள் குழம்பாமல் இருக்க இன்னொரு வடிகட்டி, அதன் மேல் மெல்லிய பூச்சு என்று அடுக்கு அடுக்காக இருக்கிறது. தூசி உட்கார்வது அந்த அடுக்கின் உச்சியில். சிலிக்கானுக்கும் தூசிக்கும் இடையிலுள்ள இந்தச் சின்ன உயரம்தான் புகைப்படக்காரர்களைக் குழப்பும் ஒரு விஷயத்துக்குக் காரணம்: சில படங்களில் பொட்டு தெரிகிறது, சிலவற்றில் மாயமாகிவிடுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தூசி, சிலிக்கானிலிருந்து 1.6 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; கண்ணாடிக்குள் ஒளி வளைவதை இப்போதைக்கு மறந்துவிடலாம். லென்சிலிருந்து வரும் ஒளி ஒரு புள்ளியில் கூம்பாகக் குவிகிறது. தூசியின் உயரத்தில் அந்தக் கூம்பு எவ்வளவு அகலம் என்பதை அறிய, உயரத்தை எஃப் எண்ணால் (லென்சின் துளை சுருங்கச் சுருங்கக் கூடும் எண்) வகுத்தால் போதும். எஃப்/2-இல் அகலம் 0.8 மி.மீ. எஃப்/16-இல் 0.1 மி.மீ. தூசியின் அகலம் 0.05 மி.மீ., அதாவது மனித முடியைவிடச் சற்றுச் சன்னம் என்றால், எஃப்/2-இல் அது மறைப்பது அந்தப் புள்ளிக்கு வரும் ஒளியில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. அதே தூசி எஃப்/16-இல் கால் பங்கு ஒளியை மறைத்துவிடும். மணமக்கள் முகத்தை எஃப்/2-இல் எடுப்பவர் மாதக்கணக்கில் ஒன்றும் அறியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் காஞ்சிபுரத்தில் கோபுரத்தை எஃப்/11-இல் எடுத்ததும் வானமெல்லாம் பொட்டாக இருக்கிறதே என்று திகைப்பது இதனால்தான்.

சோதிப்பதும் இதே வழியில்தான். எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கையால் குலைத்துவிட்டு, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, கணினியில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சுவரை எடுக்கும்போது கேமராவை மெல்ல அசைத்தபடியே எடுப்பது நல்லது. சுவரின் அழுக்கு கலைந்துவிடும், கேமராவின் அழுக்கு மட்டும் நிற்கும். படத்தின் மேல் பகுதியில் தெரியும் பொட்டு, சென்சாரின் அடிப்பகுதியில் இருக்கும், ஏனென்றால் லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழவைக்கிறது. கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவுமே இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாறும்.

பொட்டு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்த வகை அழுக்கு? நம் கையில் முடியுமா, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

உலர்ந்து தனியாகக் கிடக்கும் தூசி என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். பல கேமராக்கள் தாமாகவே சென்சாரை அதிரச் செய்து தூசியை உதிர்க்கின்றன. ஒலிம்பஸ் நிறுவனம் 2003-இல் இ-1 கேமராவில் இதைக் கொண்டுவந்தது. அதன் வடிகட்டி விநாடிக்கு முப்பதாயிரம் முறைக்கு மேல் அதிரும். கேனன் 2006-இலும் நிக்கான் 2007-இலும் இதே வழிக்கு வந்தன. உதிராமல் மிஞ்சுவதற்கு ரப்பர் ப்ளோயர். கேமராவின் வாயைத் தரை நோக்கிப் பிடித்து, ப்ளோயரின் மூக்கு உள்ளே போகாமல், நாலைந்து தரம் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். லென்சுக்குப் பின்னால் கண்ணாடி (மிரர்) உள்ள கேமராவில் மெனுவுக்குள் சென்சார் கிளீனிங் என்று தேடி, கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்த வேண்டும். பேட்டரி நிறைய இருக்கட்டும். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் கண்ணாடி கையின் மேலேயே வந்து விழும். பிரஷ் வைத்த ப்ளோயரை நிக்கானும் கேனனும் தங்கள் கையேடுகளிலேயே வேண்டாம் என்கின்றன.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். ஆலையில் வேலை பார்ப்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஏர் கன் இருக்கும். "ஒரு அடி அடிச்சா போயிடும்ணே" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் காற்று ஐந்தாறு பார் அழுத்தத்தில் வருகிறது. கம்ப்ரஸரின் எண்ணெய்த் துளியும் தண்ணீரும் அதில் சேர்ந்தே வரும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் இதழ்கள் மிக மெல்லியவை. ஒரு விநாடியில் ஷட்டர் வளைந்துவிடும், எண்ணெயும் படிந்துவிடும். கடையில் விற்கும் கேஸ் டப்பாக் காற்றும் கூடாது, அதன் திரவம் சென்சாரில் தெறிக்கும். வாயால் ஊதினால் எச்சில்.

ஊதியும் போகாதது ஒட்டிக்கொண்ட அழுக்கு. மகரந்தம், ஹோமத்தில் நெய் எரிந்த புகையின் பிசுக்கு, கேமராவின் உள்ளிருந்தே தெறித்த எண்ணெய், எச்சில் காய்ந்த தடம் எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு ஸ்வாப்பும் (துணி சுற்றிய தட்டைக் குச்சி) திரவமும் வேண்டும். இங்கேதான் கருங்கல் பொடியை நினைவில் வைக்க வேண்டும். ஊதாமல் நேரே ஸ்வாப்பை வைத்துத் தேய்த்தால், கிடக்கிற ஒரே ஒரு குவார்ட்ஸ் துகளைக் கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நாமே இழுத்துக்கொண்டு போவோம். தூசி போய்விடும், கோடு நின்றுவிடும்.

முழு ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. அதற்கு 24 மி.மீ. அகல ஸ்வாப்பும், அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சாருக்கு 16 மி.மீ. ஸ்வாப்பும் கிடைக்கின்றன. சென்சாரின் உயரத்தை ஒரே இழுப்பில் மூடுவதற்காகத்தான் இந்த அளவுகள். திரவத்தை ஸ்வாப்பில் இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும். சென்சாரில் ஒருபோதும் விடக்கூடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு லேசான அழுத்தத்தில் ஓர் இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு, அவ்வளவோடு அந்த ஸ்வாப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்து அதையே மறுபடி பயன்படுத்துபவர்கள்தான் பெரும்பாலும் கீறல் வாங்குகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். இதற்கென்று விற்கும் திரவங்களில் சில தூய மெத்தனால். நொடியில் ஆவியாகும், தடம் விடாது. ஆனால் விஷம், தீப்பற்றும். ஜன்னல் திறந்த அறையில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. எலெக்ட்ரானிக்ஸ் லைனில் போர்டு துடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) மெதுவாக உலரும், தூய்மை குறைந்திருந்தால் கோடு கோடாகத் தடம் விடும். சானிட்டைசர் வேண்டவே வேண்டாம். கை வறளாமலிருக்க அதில் சேர்க்கும் கிளிசரின் சென்சாரில் படலமாகத் தங்கிவிடும். இயர் பட்ஸ் நூல் உதிர்க்கும்.

பழகியவருக்கு இது பத்து நிமிட வேலை. ஆனால் உள்ளே சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் வகைக் கேமராவில் முதல் முறையாகத் திரவச் சுத்தம் செய்ய வேண்டாம் என்பேன். அந்தச் சென்சார் காந்தங்களுக்கிடையே தொங்குகிறது. அதை எந்த நிலையில் வைத்துத் துடைக்க வேண்டும் என்று கையேடு சொல்லவில்லை என்றால் கையை வைக்காமல் இருப்பதே சரி.

மூன்றாவது வகை, நம்மால் எவ்வளவு துடைத்தாலும் போகாதது, அல்லது போனாலும் திரும்பத் திரும்ப வருவது. பொட்டு கண்ணாடி அடுக்குக்கு அடியில் இருக்கலாம், அல்லது அது அழுக்கே இல்லாமல் இருக்கலாம். இதற்கு உலகம் அறிந்த இரண்டு உதாரணங்கள் உண்டு. 2012-இல் வந்த நிக்கான் டி600 கேமராவில் படத்தின் இடது மேல்புறம் பொட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. துடைத்துவிட்டுச் சில நூறு படம் எடுத்தால் மறுபடியும் வரும். ஷட்டரிலிருந்தே துகள்கள் தெறித்துக்கொண்டிருந்தன. 2014 பிப்ரவரியில் நிறுவனம், உத்தரவாதக் காலம் முடிந்த கேமராக்களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. வீட்டில் உட்கார்ந்து ஸ்வாப் வாங்கித் துடைத்துக்கொண்டே இருந்தவர்களுக்குக் காசும் நேரமும்தான் வீண்.

லைக்கா எம்9 கதை இன்னும் நம் ஊருக்குப் பொருத்தமானது. 2009-இல் வந்த அந்தக் கேமராவின் சென்சார் மேலிருந்த வடிகட்டிக் கண்ணாடி ஈரத்தால் அரிக்கப்பட்டது. பொட்டைச் சுற்றி வளையம் வளையமாகப் படத்தில் தெரியும். பூச்சில் சின்னப் பழுது இருந்தாலும் ஈரம் அதன் வழியே உள்ளே இறங்கும். தூசி என்று நினைத்து அழுத்தித் துடைப்பது அந்தப் பூச்சை மேலும் கெடுக்கும். லைக்கா 2014-இல் இதை ஒப்புக்கொண்டு பாதிக்கப்பட்ட சென்சார்களை மாற்றித் தர முன்வந்தது. லட்சக்கணக்கில் விலை கொடுத்த கேமராவுக்கே இந்தக் கதி என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும் நம் பக்கத்தில் கேமராவை ஈரம் வாங்கும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைப்பது துடைப்பதைவிட முக்கியமான வேலை.

ஆக, ஊதினால் போகிறதா, நாமே. ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை ஸ்வாப் போட்டும் அதே இடத்தில் பொட்டு நிற்கிறதா, சர்வீஸ் சென்டர். அங்கே பூதக்கண்ணாடிக்கு அடியில் கேமராவை வைத்து, துடைத்துவிட்டுச் சோதனைப் படம் எடுத்துப் பார்த்து மறுபடியும் துடைக்கிறார்கள். ஷட்டரில் கோளாறா, பூச்சில் கோளாறா என்று பிரித்துச் சொல்ல அவர்களால் முடியும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கேமராவை முதலில் அங்கேயே கொண்டுபோவது நல்லது. நம் கையால் விழுந்த கீறலுக்கு உத்தரவாதம் பேசாது. ஒரகடத்திலிருந்து சென்னை போய்வர அரைநாள் ஆகும் என்பது உண்மைதான். முகூர்த்த மாதத்துக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்த அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

கொடுக்கும்போது எஃப்/16-இல் எடுத்த படம் ஒன்றைக் கார்டில் வைத்துக் காட்டுங்கள். திரும்ப வாங்கும்போது அதே லென்ஸ், அதே எஃப்/16-இல் கவுண்டரிலேயே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தது என்று அவர்கள் சொன்னால் அதைச் சர்வீஸ் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் லென்சின் பின்பக்கத்தையும் அதன் மூடியையும் ஊதித் துடைத்துவிடுங்கள். பையின் அடியில் கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியிலிருந்தும் தூசி கேமராவுக்குள் போகிறது.