வியாசர் சொல்ல, விநாயகர் எழுதினாரா? மகாபாரதத்தில் இடைச்செருகலை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

வியாசர் சொல்லச் சொல்ல, விநாயகர் நிறுத்தாமல் எழுதினார். நம்மில் பலருக்கு மகாபாரதம் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் கதை இது. ஆனால், புனேயில் உள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பின் மூலப் பகுதியில் இந்தக் கதை கிடையாது. பின்னிணைப்புக்குப் போய்விட்டது. அப்போ நாம் கேட்டதெல்லாம் பொய்யா?

எதுக்காக இந்த வேலை?

வியாசர் கைப்பட எழுதிய ஏடு என்று எதுவும் நம்மிடம் இல்லை. இருப்பதெல்லாம் பிரதிகளின் பிரதிகள். அவையும் ஊருக்கு ஊர் மாறுபடும். அவற்றை ஒப்பிட்டு ஒரு பாடத்தை உருவாக்கும் பணி 1919-ல் தொடங்கி, 1966-ல் முடிந்தது. இதற்கு வழி வகுத்தவர், 1925 முதல் 1943-ல் இறக்கும் வரை தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த வி.எஸ்.சுக்தாங்கர். காஷ்மீரின் சாரதா எழுத்து முதல் கிரந்தம், மலையாளம் வரை 1,259 சுவடிகள் அலசப்பட்டன. ஒப்பிடும் பணியில் ஒரு பகுதி தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் நடந்தது.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

லாஜிக் சிம்பிள்தான். பிரதி எடுப்பவர் புதிதாக ஒரு காட்சியைச் சேர்ப்பது சகஜம். புனிதமாகக் கருதும் நூலில் இருந்து நல்ல காட்சியை வெட்டுவது அபூர்வம். காஷ்மீர்ச் சுவடியும் கேரளச் சுவடியும் தூரத்தில் தனித்தனியாக வளர்ந்தவை. இரண்டிலும் ஒரு பகுதி இருந்தால் அது பழையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு வட்டாரத்தில் மட்டும் இருந்தால் சந்தேகம்தான்.

திரௌபதி கிருஷ்ணரை அழைத்தாளா?

சிக்கலான இடம் இது. சபையில் துச்சாதனன் துகிலுரியும்போது, திரௌபதி கிருஷ்ணரை வேண்டும் பகுதி ஆய்வுப் பதிப்பின் மூலத்தில் இல்லை. ஆடை மேல் ஆடை வருகிறது. கொடுத்தது யார் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் அதே பதிப்பின் உத்தியோக பருவத்தில், தொலைவில் இருந்த தன்னைத் திரௌபதி கூவி அழைத்ததாகவும், அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்றும் கிருஷ்ணரே சொல்கிறார். விவாதம் இன்னும் முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ இதுதான் ‘ஒரிஜினலா’?

அதுவும் இல்லை. கிடைக்கும் சுவடிகளைக் கொண்டு எட்டக்கூடிய மிகப் பழைய வடிவம், அவ்வளவுதான். வியாசரின் மூலத்தை மீட்டுவிட்டதாகச் சுக்தாங்கரே சொல்லவில்லை. துணைக்கதைகள் இல்லாத பாரதம் 24,000 சுலோகங்கள் என்று ஆதி பருவம் குறிப்பிடுகிறது. அதாவது, தான் வளர்ந்த கதை என்பதை நூலே ஒப்புக்கொள்கிறது.

நீக்கிய வரிகளைப் பதிப்பாசிரியர்கள் தூக்கி எறியவில்லை. எந்தச் சுவடியில் எது இருக்கிறது என்ற விவரத்தோடு அடிக்குறிப்பிலும் பின்னிணைப்பிலும் அச்சிட்டார்கள். இடைச்செருகல் என்றால் போலி என்று அர்த்தமில்லை. பிற்காலத்தில் சேர்ந்தது என்றுதான் அர்த்தம். திரௌபதி தனியாக நிற்பதைப் பொறுக்க முடியாத யாரோ ஒருவர் அந்த வேண்டுதலை எழுதிச் சேர்த்திருக்கலாம். அவரும் மகாபாரதத்தின் வாசகர்தான்.

அடுத்த முறை “இது வியாசர் எழுதியதே இல்லை” என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சுவடியில் இல்லை?