பேய்க்கணவாய்க்கு ஒரு மாத்திரை டப்பா

மத்தியானம் ஒன்றேகால். கராடியில் எங்கள் ஆபீஸ் கேன்டீன், ஒன்பதாவது மாடி. பாவ் பாஜி ஆறிக் கிடக்கிறது, தொட ஆளில்லை. ஐந்து தலைகள் என் போன்மேல் கவிழ்ந்திருக்கின்றன. புனே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரம். உப்புக்காற்று வேண்டுமென்றால் மலையிறங்கி மும்பைப் பக்கம் போகவேண்டும். ஆனால் இந்த நிமிஷம் எங்கள் மேஜையில் பாம்பன் கடல் தளும்பிக்கொண்டிருக்கிறது.

வீடியோ காலில் என் மச்சான். நண்டு வலையில் ஏறிவந்த ஒரு பேய்க்கணவாயை, கடல்தண்ணீர் ஊற்றிய நீலத் தொட்டியில் எனக்காகப் போட்டு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆக்டோபஸ் என்று படித்தோமே, அதற்கு எங்கள் கரையில் இதுதான் பெயர். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாதுவாகப் பெயர் வைத்தவர்கள், இதற்கு மட்டும் பேய் என்று வைத்திருக்கிறார்கள். சும்மாவா வைப்பார்கள்?

“மச்சான், அந்த மாத்திரை டப்பாவைப் போடுங்க.”

“கழுவித்தான் வச்சிருக்கேன் மாப்ள. உள்ள ஒண்ணும் கிடையாது. இதவச்சு அது என்ன பண்ணும்?”

அதைப் பார்க்கத்தானே இவ்வளவு ஆர்ப்பாட்டம்! யோசனை என்னுடையது கிடையாது, திருடியது. சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஜெனிஃபர் மேத்தரும் ரோலண்ட் ஆண்டர்சனும் எட்டு ராட்சத பசிபிக் ஆக்டோபஸ்களுக்குக் காலி மாத்திரைப் புட்டியை மிதக்கவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தின்ன முடியாது என்று தெரிந்ததும் பெரும்பாலானவை அதை அப்படியே விட்டுவிட்டன. இரண்டு மட்டும் விடவில்லை. உடம்பிலுள்ள குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் புட்டியைத் தள்ளுவது, தொட்டிக்குள் வரும் நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவருவது, மறுபடி பீய்ச்சுவது. ஆளில்லாமல் சுவரில் பந்தடித்து விளையாடும் பையனைப் போல! 1999இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். இப்படி ஒரு வேலைக்குச் சம்பளம் கிடைக்கும் என்று யாராவது எனக்குப் பத்தாம் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

டப்பா விழுந்தது. ப்ளக்!

தொட்டி மூலையில் பழுப்பாக உட்கார்ந்திருந்தது ஒரே நொடியில் வெளுத்தது. கண்ணைச் சுற்றி மட்டும் கருப்பு. வழவழவென்றிருந்த தோலில் முள்முள்ளாகப் புடைப்பு. “அரே பாப்ரே!” என்றாள் பக்கத்து சீட் மராத்திப் பெண். பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. முப்பது விநாடி, நாற்பது விநாடி. பார்க்கிறது, அவ்வளவுதான். மச்சான் கொட்டாவி விட்டார்.

அப்புறம் ஒரே ஒரு கை. அதிலும் நுனி மட்டும், புழு நெளிவதுபோல மெல்ல வந்து டப்பாவைத் தொட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. இந்தமுறை இரண்டு உறிஞ்சி ஒட்டின, பிறகு நாலு. டப்பாவின் மூடியில் நெட்டுக்குத்தாக வரி வரியாக இருக்குமே, அந்த வரிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல நுனி சுற்றி வந்தது. கண் அந்தப் பக்கமே இல்லை. அது மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தது!

அந்த உறிஞ்சிகள் தொடும்போதே ருசியும் பார்க்கின்றன. தண்ணீரில் எளிதில் கரையாத பொருள்களைக்கூடத் தொட்டே கண்டுபிடிக்கும் உணர்விகள் அவற்றில் இருப்பதை 2020இல் ஹார்வர்டில் நிக்கோலஸ் பெல்லோனோவின் குழு காட்டியது. நம் எல்லா விரல் நுனியிலும் ஒரு நாக்கு இருந்தால்? பஸ் கம்பியைப் பிடிக்கவே யோசிப்போம். சாதாரண ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. அதனால்தான் தலை மச்சானை வேவு பார்க்க, கை தன்பாட்டுக்கு டப்பாவை விசாரிக்கிறது.

இந்தப் புராணத்தையெல்லாம் நான் அளக்க, மச்சான் சிரித்தார். “இந்தக் கூத்தெல்லாம் பாட்டன் காலத்திலேயே தெரியும் மாப்ள. சும்மாவா கயித்துல சங்கு கட்டிப் போட்டான்?”

அவர் சொன்னது நிஜம். பாக் விரிகுடாவில் நீளக் கயிற்றில் ஐவிரல் சங்கின் காலி ஓடுகளை வரிசையாகக் கட்டிக் கடலடியில் கிடத்துவார்கள். இரை வைப்பதில்லை. இரவில் உலாவும் பேய்க்கணவாய் தடவிப் பார்த்து, கைவிட்டுத் துழாவி, சரியான வீடு என்று குடியேறிவிடும். கயிற்றை இழுத்தால் ஓடாது, பயத்தில் இன்னும் உள்ளே ஒடுங்கும். பிடித்ததைத் தூண்டிலுக்கு இரையாக்குவார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல், நூறு வருஷத்துக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், ஆக்டோபஸின் குணத்தைப் பற்றிய முதல்தரமான பரிசோதனை இதுதான். செய்தவர்கள் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவே.

காலி ஓடு என்றால் அதற்கு அப்படியொரு மயக்கம். இந்தோனேசியக் கடலில் ஓர் இனம், மனிதர் வீசிய தேங்காய்ச் சிரட்டையைக் கையடியில் இடுக்கிக்கொண்டு கால்வைத்து நடப்பதை 2009இல் படத்தோடு வெளியிட்டார்கள். அதே இனம் கேரளக் கடலிலும் உண்டு.

தொட்டியில் டப்பாவைக் காணோம். எட்டுக் கைக்கும் நடுவே, குடை மடக்கியதுபோல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கடிக்கிறதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் துப்பியது. ஒரு பீய்ச்சல்; டப்பா தொட்டிச் சுவரில் போய் மோதியது. கேன்டீனில் கைதட்டல்! விளையாட்டா, போடா என்று தள்ளிவிட்டதா? ஒரே தடவையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

“தொட்டிக்கு மூடி உண்டா?” என்று டீம் லீடர் கேட்டார். நல்ல கேள்வி. 2016இல் நியூஸிலாந்தின் நேப்பியர் காட்சியகத்தில் இங்கி என்ற ஆக்டோபஸ், சரியாக மூடாத தொட்டியிலிருந்து இறங்கித் தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய் வழியே கடலுக்கே போய்விட்டது.

“மூடி எதுக்கு? நான் நிக்கிறேன்ல” என்றபடி மச்சான் போனைத் தொட்டி விளிம்புக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். நன்றாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். திரையின் ஓரத்தில் ஒரு நுனி முளைத்தது. தொட்டது, இழுத்துக்கொண்டது, மறுபடி தொட்டது. பிறகு திரை முழுக்க வெள்ளை வட்டங்கள், சின்னது பெரியது என்று இரண்டு வரிசையாக. “டேய்! விடு! விடுடா!” என்ற அலறல். கால் கட்.

சாயங்காலம் அக்காவின் போனிலிருந்து குரல்செய்தி வந்தது: “தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போயி எல்லாப் பக்கமும் தடவிப் பாத்துட்டுத்தாண்டா குடுத்துச்சு. உன் மச்சான் போனு இப்ப அரிசிப் பானைக்குள்ள காயுது. ராத்திரிச் சோத்துக்கு வேற அரிசி வாங்கணும்.”