கணனிகள் பேசும் நெறியும் நம் தமிழும்

இரு கணனிகள் தம்முள் செய்தி பரிமாற வேண்டுமாயின், முதலிற் பேசுவது எது, மறுமொழி எவ்வாறு அமைய வேண்டும், ஒரு செய்தி எங்கே முடிகின்றது என்பன முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விதிகளின் தொகுப்பையே நெறிமுறை என்கின்றோம். சேவையை அளிப்பது வழங்கி. அதனை நாடிச் செல்லும் மென்பொருள் வாங்கி. பிறர் செய்த வாங்கியைப் பயன்படுத்துவதோடு நில்லாது நாமே ஒன்றை எழுத முனையும்போதுதான், விதிநூல் சொல்லாமல் விட்டவை எத்தனை என்பது புலப்படும்.

எடுத்துக்காட்டாக, ஐ.ஆர்.சி. எனும் உரையாடல் முறையை நோக்குவோம். 1988 இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் என்பவர் இதனை உருவாக்கினார். இதன் விதிகளோ 1993 மே மாதத்திலேயே ஆர்.எவ்.சி. 1459 எனும் ஆவணமாக வெளிவந்தன. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது இங்கும் பொருந்தும்.

வழங்கி இடையிடையே ‘பிங்’ என வினவும். வாங்கி ‘பொங்’ என விடையளிக்க வேண்டும். தவறினால் தொடர்பு துண்டிக்கப்படும். ஆனால் சில வழங்கிகள், பெயர்ப்பதிவு முடியுமுன்னரே பிங் அனுப்பி, விடை கிடைத்த பின்னரே உள்ளே விடுகின்றன. இதனை எதிர்பாராத வாங்கி வாயிலிலேயே காத்து நிற்கும்.

இத்தகைய இடங்களில் வெறும் ஊகம் உதவாது. வழங்கி அனுப்பும் ஒவ்வொரு வரியையும் உள்ளவாறே பதிவு செய்து படித்தல் வேண்டும். நன்கு இயங்கும் வேறொரு வாங்கி அவ்விடத்தில் என்ன சொல்கின்றது என ஒப்பு நோக்குதல் வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, கண்டதைக் குறித்து வைத்தல் வேண்டும். தொல்காப்பிய நூற்பாக்களுக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வெவ்வேறு பொருள் கண்ட இடங்கள் உள. அங்கு வழக்கை நோக்கியே நாம் பொருள் துணிகின்றோம். நெறிமுறை ஆவணத்துக்கும் வழக்கே உரையாகும்.

மாணவச் செல்வங்களே, இவ்வாவணத்தில் ஒரு விந்தையுண்டு. பெயர்களை ஒப்பிடும்போது சதுர அடைப்புக்குறியும் நெளி அடைப்புக்குறியும் ஒரே எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களாகக் கொள்ளப்படும். பின்லாந்து, சுவீடன் நாடுகளின் பழைய எழுத்துக் குறியேற்றத்தில் அவ்விடங்களில் அந்நாட்டு எழுத்துகள் இருந்தமையே காரணம். ஆக்கியோரின் மொழி விதியிலே தடம் பதித்து விட்டது.

நம் மொழியின் நிலை யாது? ஒரு வரி, முடிவுக் குறிகள் இரண்டும் உட்பட, 512 எழுத்துகளை விஞ்சலாகாது என்கின்றது ஆவணம். ஆயின் வழங்கி எண்ணுவது பைற்றுகளையே. இன்று பரவலாக வழங்கும் யூ.ரி.எவ்.-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணனிக்கோ ஐந்து குறிகள், பதினைந்து பைற்றுகள். ஆகவே முடிவுக் குறிகள் போக எஞ்சும் 510 பைற்றுகளில் 170 தமிழ்க் குறிகளே அடங்கும். கட்டளையும் அனுப்புநர் பெயரும் அதிலும் பங்கு கேட்கும். மிகுதி வெட்டப்படும்போது ஓர் எழுத்தே நடுவில் முறிந்து, பொருளற்ற குறியாகத் தோன்றும்.

இதற்குத் தீர்வு வாங்கியை எழுதுபவர் கையிலேயே உள்ளது. வரும் பைற்றுகளை வரி முடியும் வரை சேர்த்து வைத்து, அதன் பின்னரே எழுத்தாக மாற்றுதல் வேண்டும். நீண்ட செய்தியை அனுப்புமுன், ‘மி’ போன்ற உயிர்மெய் பிளவுபடாதவாறு முழு எழுத்தின் எல்லையிற் பிரித்தல் வேண்டும்.

பெற்றோர்களே, போரினாற் பல நாடுகளிற் சிதறி வாழும் நம் குடும்பங்களை இன்று இணைப்பவை இத்தகைய நெறிமுறைகளே. ஒரு பேரப்பிள்ளை தமிழில் எழுதும் வரி முழுமையாகச் சென்று சேர்தல் சிறிய காரியமன்று. அவ்விதிகளை வகுத்தோர் தமிழை வெறுத்தாரல்லர், நினைத்திலர். தமிழை நினைந்து நிரல் எழுதுவோர் நம் பிள்ளைகளிடையே தோன்றுதல் வேண்டும். அதற்குக் கணனி அறிவுடன், உயிரும் மெய்யும் எங்கே கூடுகின்றன என்னும் தமிழறிவும் இன்றியமையாதது.