நடமாடும் மரபுக்கூறுகள்

பெற்றோரின் இயல்பு பிள்ளைகளிடம் அமைதல் உலக இயற்கை. மாங்கொட்டையிலிருந்து மாமரமே முளைக்கின்றது. பசுவின் கன்று பசுவாகவே வளர்கின்றது. இவ்வியல்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு செல்வன மரபணுக்கள். இவை டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழையில் அமைந்துள்ளன. உயர்ந்த உயிர்களிடத்தே இச்செல்வம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கே செல்லும். கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களோ, தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி, உறவல்லாத அண்டை உயிர்களுக்கும் மரபணுக்களை வழங்க வல்லன. இவ்வாறு இடம் பெயர்ந்து செல்லும் டி.என்.ஏ. பகுதிகளை அறிஞர் ‘நடமாடும் மரபுக்கூறுகள்’ என்பர்.

இவற்றின் ஆற்றலை உலகிற்கு உணர்த்திய நாடு ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் சீதபேதி மிகுந்தது. அந்நோயை விளைவிக்கும் ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவை முதலில் சல்ஃபா மருந்துகள் அடக்கின. சில ஆண்டுகளுக்குள் அவை பயனற்றுப் போயின. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், குளோராம்ஃபெனிக்கால் ஆகியவை கையாளப்பட்டன. 1950களின் நடுப்பகுதியிலோ, இந்நான்கு வகை மருந்துகளுக்கும் ஒருங்கே அடங்காத ஷிகெல்லா தோன்றியது. மருத்துவர் திகைத்தனர். ஏனெனில், தற்செயலான மாறுதலால் ஒரு மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பல கோடிப் பாக்டீரியாக்களுள் ஒன்றிற்குக் கிட்டலாம். நான்கு மாறுதல்கள் ஓர் உயிரணுவில் ஒருசேர நிகழ்தல் அரிதினும் அரிதாம். அன்றியும், அந்நோயாளிகளின் குடலில் இயல்பாக வாழும் எஷரிக்கியா கோலி என்னும் பாக்டீரியாவும் அதே மருந்துகளை எதிர்த்து நின்றது.

இப்புதிரை 1959ஆம் ஆண்டில் ஓச்சியாய், அகிபா என்னும் ஜப்பானிய அறிஞர்களின் குழுவினர் விடுவித்தனர். அவர்கள் எதிர்ப்பாற்றல் உடைய பாக்டீரியாவையும் அஃது இல்லாத பாக்டீரியாவையும் ஒன்றாகக் கலந்து வளர்த்தனர். நான்கு எதிர்ப்பாற்றல்களும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டவைபோல் ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்வது புலனாயிற்று. அம்மூட்டையே பிளாஸ்மிட் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நடமாடும் மரபுக்கூறுகளை அவை பயணம் செய்யும் முறையைக் கொண்டு நான்கு பெரும் பிரிவுகளாகப் பகுக்கலாம்.

முதலாவது பிளாஸ்மிட். இப்பெயரை 1952ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் வழங்கினார். இது பாக்டீரியாவின் முதன்மைக் குரோமோசோமினின்று தனித்து, பெரும்பாலும் வளையம் போன்று அமைந்திருக்கும், தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும். பிளாஸ்மிட்டுகளுள் சில, இரண்டு உயிரணுக்களை இணைக்கும் பாலத்தைத் தாமே அமைத்துக் கடக்கும். வேறு சில, பிற பிளாஸ்மிட் அமைத்த பாலத்தின் வழியே கடக்கும். இவ்விரண்டும் இயலாதனவும் உள.

இரண்டாவது டிரான்ஸ்போசான். இது தனித்து வாழும் ஆற்றலற்றது, ஒரு டி.என்.ஏ. இழையினின்று மற்றொன்றிற்குத் தாவி அமர்வது. தாவும் மரபுக்கூறுகளை முதன்முதல் மக்காச்சோளச் செடியில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக் என்னும் அம்மையார். அதன்பொருட்டு அவர் 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். டிரான்ஸ்போசான் பிளாஸ்மிட்டில் தாவி அமருமாயின், பயணி படகேறியது போல, புதிய உயிரணுக்களையும் சென்றடையும்.

மூன்றாவது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களாகிய பேஜ்கள். இவற்றுள் சில தாம் புகுந்த உயிரணுவைக் கொல்லாது, அதன் டி.என்.ஏ.வுடன் கலந்து தங்கிவிடும். தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சும், காலரா நோயின் நஞ்சும் இத்தகைய பேஜ்கள் கொணர்ந்த மரபணுக்களால் விளைவனவே. பேஜ் இல்லாவிடின் தொண்டை அடைப்பான் பாக்டீரியா அந்நஞ்சைச் சுரப்பதில்லை.

நான்காவது பிரிவு, குரோமோசோமிலேயே தங்கியிருந்து, காலம் வாய்த்தபோது பிரிந்து, பாலம் அமைத்து வேறோர் உயிரணுவை அடைந்து, ஆங்கும் குரோமோசோமில் பதிந்துகொள்வது. 1992ஆம் ஆண்டில் சென்னையில் கிடைத்த காலராப் பாக்டீரியாவில் இத்தகைய கூறு ஒன்று இருப்பதை அறிஞர் 1996ஆம் ஆண்டில் அறிவித்தனர். எஸ்.எக்ஸ்.டி. என்னும் அக்கூறு பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலைச் சுமந்து சென்றது.

பிளாஸ்மிட்டுகள் மிகப் பல. அவற்றை வகைப்படுத்த, லண்டன் மாநகரில் ஆராய்ந்த நவோமி தத்தா என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1970களில் ஓர் இயல்பைத் துணையாகக் கொண்டனர். படியெடுக்கும் முறையில் ஒத்த இரு பிளாஸ்மிட்டுகள் ஓர் உயிரணுவின் வழியில் நெடுங்காலம் ஒன்றாக வாழ இயலா. உயிரணு பிளவுபடுந்தோறும் அவை பிரிந்து, ஒன்று நிலைக்க மற்றொன்று மறையும். ஆதலின், ஒன்றாக வாழ இயலாதவை ஒரே குழுவைச் சார்ந்தவை. இணைந்து வாழ்பவை வெவ்வேறு குழுவைச் சார்ந்தவை. ஓர் உறைக்குள் இரு வாள் இருத்தல் இல்லை என்பது இங்கும் பொருந்துகின்றது. இந்நாளில் டி.என்.ஏ. எழுத்துகளை நேரே படித்து, இக்குழுக்களை விரைவில் அறிகின்றனர்.

இவ்வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. ஒரு மருத்துவமனையில் வெவ்வேறு இனப் பாக்டீரியாக்கள் ஒரே மருந்தை எதிர்க்கின்றன எனக் கொள்வோம். அவை அனைத்திலும் ஒரே பிளாஸ்மிட் இருப்பின், அங்குப் பரவுவது ஒரு கிருமி மட்டும் அன்று. கிருமி விட்டுக் கிருமி தாவும் பிளாஸ்மிட்டும் ஆகும் என்பது விளங்கும். அது வந்த வழியை அறிந்தாலன்றி அதனை அடைத்தல் அரிது.

பிற மருந்துகள் பயன் தராதபோது மருத்துவர் நாடும் மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின். அதனை எதிர்க்கும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறி உலவுவது 2015ஆம் ஆண்டில் சீன நாட்டில் கண்டறியப்பட்டது. அந்நாட்டில் பன்றி முதலிய விலங்குகளுக்கு அம்மருந்து மிகுதியாகத் தரப்பட்டு வந்தது. விலங்குத் தீவனத்தில் அதனைச் சேர்ப்பதைச் சீனம் 2017ஆம் ஆண்டில் நிறுத்தியது. உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதனைத் தருவதை இந்தியா 2019ஆம் ஆண்டில் தடை செய்தது.

மருந்தின் முன் வலுவற்ற கிருமிகள் மடியும். எதிர்ப்பாற்றல் உடையன எஞ்சிப் பெருகும். அவற்றோடு அவை சுமக்கும் மரபுக்கூறுகளும் பெருகும். ஆகவே, தேவையின்றி மருந்துண்பவர் தமக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் தீங்கு விளைப்பவராவர். சளி போன்ற வைரஸ் நோய்களுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பயன் தராது. மருத்துவர் கூறியவாறு மருந்துண்ணலும், கைகளையும் குடிநீரையும் தூய்மையாகப் பேணலும் எளிய கடமைகளே. ஆயினும், அறிஞர் அரிதின் முயன்று கண்ட மருந்துகளை வருங்காலத்தவர்க்கும் பயன்பட வைப்பன அவையே.