முப்பது எல்லாம் நாற்பத்தைந்தான கதை

கடந்த நோன்புக்கு முன்னர் எமது மொத்த விற்பனைக் கடையில் கடன் தவணையை 30 நாளிலிருந்து 45 நாளாகக் கூட்டினோம். பில் அடிக்கும் மென்பொருளில் அதைத் திருத்தும் வேலையை என் சகோதரியின் மகன் பொறுப்பேற்றான். புரோகிராம் எழுதும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றிடம் அவன் ஒரு வரியில் சொல்ல, அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் கண்டி வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி.

"ஹாஜியார், பெட்டிக்கு 30 பைக்கட் என்றுதானே பேச்சு? 45க்குக் காசு போட்டிருக்கிறீங்களே?"

கோப்பில் 30 என்று கண்ட இடமெல்லாம் 45 ஆகியிருந்தது. ஆறு கடைகளுக்குக் கூடுதலாகப் பில் போயிருந்தது. பிறர் ஹக்கு அல்லவா? அன்றே ஒவ்வொருவரையும் அழைத்துக் கணக்கைத் திருத்தினோம்.

பிழை எங்கே என்று மருமகனைக் குடைந்தேன். இந்த ஏஜென்ட்கள் கோப்பைத் திருத்தப் பல வழிகள் உண்டாம். முழுக் கோப்பையும் புதிதாக எழுதினால் நேரமும் செலவும் கூடும். நடுவில் "மிகுதி முன்போலவே" என்று குறிப்பெழுதி உள்ளதை விழுங்கிவிடுவதும் உண்டு. வரி இலக்கம் சொல்லித் திருத்தினால், மேலே ஒரு வரி கூடியதும் கீழே எல்லாம் நகர்ந்துவிடும். எண்ணுவதிலும் இவை கெட்டிக்காரர்கள் அல்லர். ஆகவே பழைய பகுதியை அப்படியே மேற்கோள் காட்டிப் புதியதைக் கொடுக்கும் முறை பரவியுள்ளது. கிளோட் கோட் போன்றவற்றில் முதலில் கோப்பை வாசித்திருக்க வேண்டும். காட்டிய பகுதி ஓர் இடைவெளி பிசகினாலும், இரண்டு இடத்தில் கிடைத்தாலும் திருத்தம் மறுக்கப்படும். எல்லா இடத்திலும் மாற்று என்று தனியாகக் கேட்டால் மட்டும் மாற்றும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

திருத்தத்தை எழுதும் வடிவத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 டிசம்பரில் ஏய்டர் என்ற கருவியைச் செய்தவர் ஜிபிடி-4 டர்போவைச் சோதித்தார். மாடல் அதேதான், திருத்தம் எழுதும் வடிவத்தை மட்டும் மாற்றியதில் 20 சதவீதப் புள்ளி 61 ஆனது. புதிய வடிவத்தில் வரி இலக்கங்களை அவர் நீக்கிவிட்டார். எனவே "எந்த மாடல்?" என்று மட்டும் கேட்டு மென்பொருள்காரருக்குப் பணம் கொடுக்கும் எம்மவர்கள் பாதிக் கேள்விதான் கேட்கிறார்கள்.

இப்போது மருமகன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் 'கிட்'டில் பிரதி வைக்கிறான். பழைய வரி, புதிய வரி இரண்டையும் அச்செடுத்து எனக்குக் காட்டுகிறான். புரோகிராம் எனக்கு விளங்காது, இலக்கம் விளங்கும். அதன் பின் கண்டிக்காரரின் பழைய பில் ஒன்றை மீண்டும் அடித்து, சதம் வரை ஒத்துப்போனால்தான் கடை திறக்கிறோம்.